உடல் வலுவும் கடைச் சரக்கும்

தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலை வழியே குரோம்பேட்டை, பல்லாவரம் வரையிலோ, கிழக்கே சேலையூர், மேடவாக்கம் வரையிலோ ஒரு மாலை நேரத்தில் சென்று பாருங்கள். எத்தனை உடற்பயிற்சிக் கூடங்கள்! அவற்றின் விளம்பரப் பலகைகளில் நிற்கும் மனிதரின் புயம் நம் தொடையளவு பருத்திருக்கிறது. இளைஞர்கள் சினிமாக் கொட்டகைக்குச் செல்வதுபோல் உற்சாகமாக இக்கூடங்களுக்குச் செல்கிறார்கள் என்றால் அது வரவேற்க வேண்டிய செய்தியே. உடலை வலுப்படுத்த விரும்பும் இளைஞரை யார்தான் குறை கூறுவர்?

ஆனால் கூடத்தைத் தொடர்ந்து ஒரு கடையும் வருகிறது. தசையைத் தடதடவெனத் தட்டும் மின்கருவி, குளிர்நீர்த் தொட்டி, நுரை உருளை, வயிற்றில் கட்டும் வியர்வைப் பட்டை, மின் அதிர்ச்சியால் தசையைத் துடிக்க வைக்கும் பட்டை, எரிந்த கலோரியைக் கணக்கிடும் கைக்கடிகாரம், டப்பா டப்பாவாகப் புரதப் பொடி என்று இச்சரக்குப் பட்டியல் நீளுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை, பயிற்சிக்குப் பின் உடல் விரைவில் தேறுவதற்கு உதவும் என்று சொல்லி விற்கப்படுபவை.

நண்பரே, பேருந்துக்கும் பாடப் புத்தகத்துக்கும் கணக்குப் பார்த்துச் செலவிடும் மாணவர் நீங்களாக இருக்கலாம். சில ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கருவியை வாங்குமுன் அது செய்வதாகச் சொல்லும் வேலையைச் செய்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பணம் போவது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம் வேறொன்று உண்டு. கருவிகளை எல்லாம் வாங்கியும் பலன் காணாத இளைஞர், குறை தம் உடலில்தான் இருக்கிறது என்று எண்ணிப் பயிற்சியையே கைவிட்டு விடுகிறார். ஆகவே இந்தச் சரக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து, விஞ்ஞானத் தராசில் நிறுத்துப் பார்ப்போம்.

வலு எங்கிருந்து வருகிறது?

கருவியை மதிப்பிடுவதற்கு முன், வலு உண்டாகும் விதத்தை அறிந்துகொள்ள வேண்டும். நம் தசை ஒவ்வொன்றும் மெல்லிய இழைகள் பலவற்றின் கட்டு. ஒரு நரம்புச் செல் இந்த இழைகளில் ஒரு தொகுதியைத் தன் ஆணைக்குள் வைத்திருக்கிறது. பயிற்சியில்லாத ஒருவர் பளுவைத் தூக்கும்போது இத்தொகுதிகள் எல்லாம் ஒருங்கே முழு வேகத்தில் இயங்குவதில்லை. சில வாரப் பயிற்சிக்குப் பின் நரம்புகள் அதிகமான தொகுதிகளை ஒரே சமயத்தில் ஏவக் கற்றுக்கொள்கின்றன. தொடக்கத்தில் புயம் பருக்காமலே வலு கூடுவதற்கு இதுவே பெருங்காரணம் என்பதை மொரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-இல் காட்டினர். ஆகவே முதல் மாதத்தில் கண்ணாடியைப் பார்த்து வருந்தாதீர்கள். கண்ணாடியில் தெரியாத மாறுதல் நடந்துகொண்டிருக்கிறது.

இழைகள் பருப்பது அடுத்த கட்டம். பளுவின் இழுவிசையை உணர்ந்த இழை, தன்னுள் புதிய புரதத்தைச் சேர்த்துக்கொள்கிறது. பயிற்சி முடிந்த பின்னும் ஒன்றிரண்டு நாள்கள் வரை இந்த வேலை கூடுதல் வேகத்தில் நடைபெறுகிறது. பளு ஏவுகிறது, உணவு பொருளைத் தருகிறது, ஓய்வு வேலைக்கு நேரத்தைத் தருகிறது. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேலை அரைகுறையாகவே முடியும்.

பழகிப்போன பளுவினால் இழைக்கு மேலும் பருக்க அவசியம் ஏற்படாது என்பது இன்னொரு முக்கிய விதி. ஆகவே பளுவைச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். பண்டைக் கிரேக்க மல்லன் மைலோ, ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தூக்கி, அது காளையாக வளர்ந்த பின்னும் தூக்கினான் என்ற கதை இவ்விதியைத்தான் சொல்லுகிறது. இதை மருத்துவ முறையாக்கியவர் அமெரிக்க மருத்துவர் தாமஸ் டிலோர்ம். இரண்டாம் உலகப் போரில் காயமடைந்து கால் தசை மெலிந்த வீரர்களுக்கு அவர் படிப்படியாகக் கூடும் பளுவைக் கொடுத்துப் பயிற்சியளித்தார். அதன் விவரம் 1945-இல் வெளியாயிற்று. அதுவரை நோயாளிகளுக்குக் கனமான பளுவைக் கொடுக்க மருத்துவர்கள் அஞ்சி வந்தனர்.

நம் ஊர் இளவட்டக்கல்லை இங்கே நினைத்துப் பாருங்கள். அந்த உருண்டைக் கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்ட இளைஞனை ஊரே மெச்சியது. வலுவைச் சோதிக்க அது நல்ல கருவி. ஆனால் வலுவை வளர்க்க அது மட்டும் போதாது. ஏனெனில் அதன் எடை ஒன்றே ஒன்று. தூக்க முடிகிற வரை தூக்க முடியாது, முடிந்த பின் அது போதாது. இவ்விதம் சோதனை வேறு, பயிற்சி வேறு என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இரும்புக்கு எத்தனை மதிப்பெண்?

இந்த விதியைக் கொண்டு பார்த்தால், வட்டத் தட்டுகளை மாட்டிக் கழற்றக்கூடிய பார்பெல், டம்பெல் ஆகியவற்றுக்கே முதல் மதிப்பெண். போட்டிகளில் ஆண்களுக்கான தண்டின் எடை 20 கிலோ, பெண்களுக்கு 15 கிலோ. அதன்மேல் வேண்டிய அளவு கூட்டலாம். வேலூரைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் 149, 179 என இரு முறைகளிலும் சேர்த்து 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018-இல் கோல்ட் கோஸ்ட்டில் 317 கிலோ தூக்கி மீண்டும் தங்கம் வென்றார். அவர் தூக்கியதும் தண்டும் தட்டும்தான். இரும்பு பழையதானால் அதன் எடை குறைந்துவிடாது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் பழைய தட்டுகள் கிடைத்தால், துரு நீக்கித் தாராளமாகப் பயன்படுத்தலாம். தண்டு வளையாமலும், தட்டைப் பிடித்து நிறுத்தும் பூட்டு வழுக்காமலும் உள்ளனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதுவும் இயலாதவருக்கு வீட்டு வாசலிலேயே ஒரு பளு இருக்கிறது. தென்சென்னைப் புறநகரில் குடிதண்ணீர்க் கேன் இல்லாத வீடு அரிது. 20 லிட்டர் நீரின் எடை 20 கிலோ. இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழலாம். ஒரு லிட்டர் நீரைக் கூட்டினால் ஒரு கிலோ கூடும். இதைவிட எளிய அளவுமுறை வேறென்ன? புத்தகப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு தண்டால் எடுத்தாலும் தசை அதைப் பளுவாகவே ஏற்றுக்கொள்ளும். தசைக்குக் கருவியின் விலை தெரியாது.

கர்லாக் கட்டைக்கும் நியாயமான மதிப்பெண் கொடுக்க வேண்டும். இந்தியாவில் இருந்த ஆங்கிலேயப் படையினர் 19-ஆம் நூற்றாண்டில் இதைக் கண்டு கற்று ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். அதன் வழிவந்த மெல்லிய கட்டைகளைச் சுழற்றும் போட்டி 1904, 1932 ஒலிம்பிக் விளையாட்டுகளில் இடம்பெற்றது. தோளும் முன்கையும் பல திசைகளில் இயங்க இது நல்ல பயிற்சி. ஆனால் பாரம்பரியக் கருவி என்பதனாலேயே அதற்கு அற்புத சக்தி வந்துவிடாது. கால் தசைக்கு அதனால் பெரும் பயனில்லை. அதற்குப் பஸ்கி எடுத்தே ஆக வேண்டும்.

பூங்காக்களில் நிறுவப்பட்டுள்ள திறந்தவெளிக் கருவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதியவர்கள் மூட்டுகளை அசைத்துப் பழக அவை ஏற்றவை. ஆனால் அவற்றில் பலவற்றில் பளுவைக் கூட்டும் வசதி இல்லை. சில வாரங்களில் இளைஞர் அவற்றைக் கடந்துவிடுவார். அதே பூங்காவில் வெறுமனே நிற்கும் ஒரு கிடைக்கம்பி, தொங்கி உடலை மேலே இழுக்கத் தெரிந்தவருக்கு அந்தக் கருவிகளைவிட அதிகம் தரும்.

இடுப்பில் கட்டும் தடித்த தோல் பட்டை எப்படி? மூச்சை உள்ளிழுத்து வயிற்றைப் பட்டையின்மேல் அழுத்தும்போது வயிற்றுக்குள் அழுத்தம் கூடி முதுகெலும்புக்கு முட்டுக் கொடுக்கிறது. தம்மால் முடிந்த உச்ச அளவை நெருங்கித் தூக்குவோருக்கு அது உதவும். புதிதாகத் தொடங்குபவருக்கு அவசரமில்லை. பட்டையைக் கட்டிக்கொண்டு தவறான முறையில் தூக்கினால் முதுகைப் பட்டை காப்பாற்றாது.

மறுநாள் வலிக்குக் காரணம் யார்?

தேறுதல் கருவிகளின் வியாபாரம் பெரும்பாலும் ஒரு தப்பெண்ணத்தின் மேல் நிற்கிறது. பயிற்சி செய்த மறுநாள் உண்டாகும் வலிக்குத் தசையில் தேங்கிய லாக்டிக் அமிலமே காரணம், அதைக் கலைத்து வெளியேற்ற வேண்டும் என்பதே அது. உண்மை யாதெனில், கடும் உழைப்பில் இரத்தத்தில் கூடும் லாக்டேட், ஓய்வு கொண்ட ஒரு மணி நேரம் போல் கழிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. வலியோ ஒன்று முதல் மூன்று நாள்களில்தான் உச்சத்தை அடைகிறது. என்றோ வீட்டைவிட்டுப் போய்விட்டவர்மேல் இன்றைய திருட்டுக்குப் பழி போடலாமா? தசையிழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவே காரணமாகலாம் என்று தியோடர் ஹஃப் என்பவர் 1902-இலேயே எழுதிவிட்டார்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முழங்கால் நோவு இல்லாதவர் மட்டும் செய்க. ஓர் உயரமான படியின் முன் நில்லுங்கள். ஏறும்போது எப்போதும் வலக்காலை முதலில் படியில் வைத்து அதன் பலத்தால் ஏறுங்கள். இறங்கும்போதும் வலக்காலையே முதலில் தரையில் வையுங்கள். அப்போது இடக்கால் மெல்ல மடங்கி உடலின் பாரத்தைத் தாங்கி இறக்கும். பதினைந்து நிமிடம் இவ்வாறு செய்தால், உடலை மேலே தூக்கி அதிகம் உழைத்தது வலக்கால். ஆனால் மறுநாள் வலிக்கப்போவது இடக்கால்! 1983-இல் ஆய்வாளர்கள் இவ்விதமே செய்து பார்த்துக் கண்ட முடிவு இது. நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் தசையில்தான் நுண்சிதைவு அதிகம். பரங்கிமலைப் படிகளைப் பலமுறை ஏறி இறங்கினால், அடுத்த நாள் வலிப்பது இறங்கிய குற்றத்துக்காகவே.

ஆக, இந்த வலி தேங்கிய விஷமன்று. ஓரிரு நாளில் தானே தீரும். அதே பயிற்சியை மறுமுறை செய்யும்போது வலி வெகுவாகக் குறைந்துவிடும். வலித்தால்தான் பலன் என்பதும் சரியன்று. வலி இல்லாமலும் வலு வளரும்.

ஒப்பீடு என்னும் உரைகல்

"எனக்குப் பலன் தெரிகிறதே" என்று கருவியை வாங்கிய நண்பர் சொல்லுவார். அவர் பொய் சொல்லவில்லை. தானே தீரும் வலிக்கு எதைச் செய்தாலும், செய்தது பலித்ததாகவே தோன்றும். எனவேதான் விஞ்ஞானிகள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

ஒப்பீட்டின் அருமையை அறிய நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. தாம்பரத்துக்கு அடுத்த ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் சௌரி முத்து அங்கே காசநோயாளிகளுக்கான மருத்துவ விடுதியைத் தொடங்கினார். மருந்து இல்லாத அக்காலத்தில் நல்ல காற்று, சத்துணவு, நீண்ட ஓய்வு ஆகியவையே சிகிச்சை. பின்னர் மருந்துகள் வந்தன. ஆனாலும் விடுதியில் படுத்து ஓய்வெடுத்தால்தான் நோய் குணமாகும் என்ற எண்ணம் மாறவில்லை. 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் இதைச் சோதித்தது. ஒரே மருந்தை உட்கொண்ட நோயாளிகளை, யாருடைய விருப்பமும் குறுக்கிடாதபடி இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழு விடுதியில், மற்றது தம் ஏழை வீடுகளில். விடுதியில் இருந்தோருக்கு உணவும் ஓய்வும் மிகுதி. ஓராண்டு முடிவில் இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். 1959-இல் வெளியான இம்முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றி அமைத்தது.

ஓய்வும் உணவும் வீண் என்பது இதன் பொருளன்று. தசைக்கு இரண்டும் இன்றியமையாதவை என்று மேலே கண்டோம். பார்வைக்கு எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும், ஒரு முறையை அது இல்லாத குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பக் கூடாது என்பதே நாம் இதிலிருந்து பெறும் பாடம். இந்த உரைகல்லில் தேறுதல் கருவிகளை உரசிப் பார்ப்போம்.

குளிர்நீர்த் தொட்டி: பயிற்சிக்குப் பின் பனிக்கட்டி இட்ட நீரில் அமர்வது விளையாட்டு வீரர்களிடையே பரவியுள்ள வழக்கம். மறுநாள் வலியை இது ஓரளவு தணிக்கிறது என்று 2012-இல் 17 சிறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறினர். ஆனால் 2014-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு சுவையான சோதனை நடந்தது. ஒரு குழுவினர் குளிர்நீரில் அமர்ந்தனர். இன்னொரு குழுவினர் வெதுவெதுப்பான நீரில் அமர்ந்தனர். அந்நீரில் தேறுதலுக்கான தைலம் கலந்திருப்பதாக அவர்களிடம் சொல்லப்பட்டது. உண்மையில் கலந்தது சாதாரணத் தோல் கழுவும் திரவம். அவர்களும் குளிர்நீர்க் குழுவுக்கு இணையாகத் தேறினர்! நம்பிக்கையும் வேலை செய்கிறது என்றல்லவா ஆயிற்று? அதோடு முடியவில்லை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில் 21 ஆண்கள் 12 வாரம் பளுப் பயிற்சி செய்தனர். பயிற்சிக்குப் பின் 10 நிமிடம் 10 டிகிரி குளிர்நீரில் அமர்ந்தவர்களுக்கு, இலேசாகச் சைக்கிள் மிதித்தவர்களைவிடத் தசை குறைவாகவே வளர்ந்தது. வலுவுக்காகப் பயிற்சி செய்பவர் வலியைத் தணிக்கப் போய் வளர்ச்சியையும் தணித்துக்கொள்கிறார். அடுத்தடுத்த நாள்களில் போட்டியிட வேண்டிய வீரருக்கு வேண்டுமானால் இது உதவலாம். மாணவருக்கு வேண்டாம்.

தட்டும் மின்கருவியும் நுரை உருளையும்: கெண்டைக்கால் தசையை ஐந்து நிமிடம் தட்டியபோது கணுக்கால் சுமார் 5 டிகிரி கூடுதலாக வளைந்தது, ஆனால் வலு கூடவுமில்லை, குறையவுமில்லை என்பது 2020-இல் வெளியான ஆய்வின் முடிவு. நுரை உருளையின் பலனும் சிறிதே. இதமாக இருக்கிறது என்றால் பயன்படுத்துங்கள். இதமும் ஒரு பலனே. ஆனால் தசை வளர்ப்பதில் அதற்குப் பங்கு உண்டு என்று சொல்ல ஆதாரமில்லை. எண்ணெய் தேய்த்துக் கையால் பிடித்துவிட்டாலும் அந்த இதம் கிடைக்கும்.

கைக்கடிகாரம்: 2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் இவ்வகைக் கருவிகள் ஏழினைச் சோதித்தனர். ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 விழுக்காட்டுக்கு உட்பட்ட பிழையோடு காட்டின. எரிந்த கலோரியைக் காட்டுவதிலோ மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. மிக மோசமானது 93 விழுக்காடு. நாடியைப் பார்க்கலாம். கலோரியை நம்பி இன்னொரு தோசை கேட்க வேண்டாம்.

வியர்வை வேறு, கொழுப்பு வேறு

வியர்வைப் பட்டையும் பிளாஸ்டிக் சட்டையும் வீண் செலவு மட்டுமல்ல, ஆபத்தும் கூட. அவை குறைப்பது கொழுப்பையன்று, நீரை. இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்ததும் குறைந்த எடை திரும்பி வந்துவிடும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்குகிறது. இது நம்மைக் குளிர்விக்க இயற்கை அமைத்த ஏற்பாடு. பிளாஸ்டிக்குக்குள் சிக்கிய வியர்வை ஆவியாவதில்லை. கடற்கரைக்கு அருகிலுள்ள நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் ஏற்கெனவே அதிகம். அக்கினி நட்சத்திர நாள்களில் இந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவது அடுப்பின் மூடியை இறுக மூடுவதற்கு ஒப்பாகும். 1997-இல் அமெரிக்காவில் எடையைக் குறைக்க வெப்ப அறையிலும் ரப்பர் உடையிலும் பயிற்சி செய்த மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். அதன்பின் அந்நாட்டுக் கல்லூரி மல்யுத்தத்தில் இம்முறைகள் தடை செய்யப்பட்டன.

வயிற்றில் மட்டும் கொழுப்பைக் கரைக்கலாம் என்பதும் நடவாத காரியம். டென்னிஸ் வீரர்கள் மட்டை பிடிக்கும் கையையே பல ஆண்டு உழைக்க வைக்கிறார்கள். அந்தக் கையின் தோலடிக் கொழுப்பு மற்றக் கையினதைவிடக் குறைவாக இல்லை என்று 1971-இல் அளந்து கண்டனர். மின் அதிர்ச்சிப் பட்டைகளைப் பொறுத்தவரை, பக்கவாதத்திலும் அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் தசை மெலியாமல் காக்க மருத்துவர்கள் மின் தூண்டலைப் பயன்படுத்துவது உண்மை. படுத்துக்கொண்டே வயிற்றைக் குறைக்கலாம் என்று அவற்றை விற்ற நிறுவனங்கள்மேல் அமெரிக்க வாணிப ஆணையம் 2002-இல் பொய் விளம்பரத்துக்காக வழக்குத் தொடுத்தது.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்ப்போம். 50 கிலோ பளுவை அரை மீட்டர் உயரம் பத்து முறை தூக்கினால் செய்த வேலை 50 × 9.8 × 0.5 × 10, அதாவது 2,450 ஜூல். இது 0.6 கிலோகலோரி கூட ஆகாது. தசை தன் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் வேலையாக்குகிறது என்பதால், உடல் செலவிட்டது 3 கிலோகலோரி அளவு என்று கொள்ளலாம். ஓர் இட்டிலியில் இருப்பதோ ஏறத்தாழ 50. பளுப் பயிற்சியின் பெருமை கொழுப்பை எரிப்பதில் இல்லை. தசையையும் எலும்பையும் உறுதியாக்குவதில் இருக்கிறது.

டப்பாவில் இல்லாத சத்து

புரதப் பொடியைப் பொறுத்தமட்டில் தீர்ப்பு சற்றே நுட்பமானது. அது மோசடிப் பொருளன்று. கலப்படம் இல்லாதிருந்தால் பாலிலிருந்து பிரித்த புரதமே. சாதாரண மனிதருக்கு உடலெடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது. பளுப் பயிற்சி செய்வோருக்கு இதற்கு மேலும் தேவை. ஆனால் சுமார் 1.6 கிராமுக்கு மேல் போனால் கூடுதல் பலன் இல்லை என்று 49 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான கட்டுரை காட்டியது. அந்த ஆய்வுகளில் கூடுதல் புரதம் உண்டவர்கள், உண்ணாமல் பயிற்சி செய்தவர்களைவிடச் சராசரியாகப் பெற்ற அதிகத் தசை எடை சுமார் 300 கிராம்தான். பல வார உழைப்புக்குப் பின் வந்த வேறுபாடு இது.

60 கிலோ எடையுள்ள மாணவருக்கு உச்ச அளவாக 96 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முட்டையில் 19 கிராம், இரண்டு தம்ளர் பாலில் 13, ஐம்பது கிராம் வேர்க்கடலையில் 12, சாம்பாருக்கும் கூட்டுக்குமான 75 கிராம் பருப்பில் 16, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் 10, நாள் முழுதும் உண்ணும் 300 கிராம் அரிசியில் 21. கூட்டிப் பாருங்கள்: 91 வந்துவிட்டது! முட்டை உண்ணாதவர் சோயாவையும் தயிரையும் சேர்த்துக்கொள்ளலாம். உடலைப் பருக்க வைக்கப் புரதப் பொடியை நாட வேண்டாம் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்டக் கழகமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் அறிவுறுத்தியது. ஊசி மருந்துகளைப் பற்றியோ இரண்டாவது பேச்சே வேண்டாம். தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகள் உடல் தானே சுரக்கும் ஆண் ஹார்மோனை நிறுத்திவிடுகின்றன. இதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கின்றன. அவற்றைச் சிபாரிசு செய்பவர் பயிற்சியாளரே ஆயினும் அவரிடமிருந்து விலகுங்கள்.

இனி, தேறுதல் கருவிகளுள் தலைசிறந்தது எது? உறக்கம்தான். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், எடை குறைக்க உணவைக் குறைத்துக்கொண்ட பத்துப் பேரை இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்தனர். இரு முறையும் குறைந்த எடை ஏறக்குறைய ஒன்றே. ஆனால் உறக்கம் குறைந்தபோது கரைந்த கொழுப்பு பாதிக்கும் கீழாகவும், தசை முதலான கொழுப்பற்ற பகுதியின் இழப்பு 60 விழுக்காடு அதிகமாகவும் இருந்தது. நள்ளிரவு வரை கைப்பேசியைப் பார்த்துவிட்டு, அதிகாலையில் கூடத்துக்கு ஓடி, பின் மின்சார ரயிலைப் பிடிக்கும் இளைஞர் இதைக் கவனிக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள்கள், இடையே ஒரு நாள் ஓய்வு விட்டுப் பயிற்சி செய்யுங்கள். பளுவோடு உட்கார்ந்து எழுதல், தண்டால், கம்பியில் தொங்கி இழுத்தல், பளுவைத் தலைக்கு மேல் உயர்த்தல், இடுப்பை மடக்கித் தரையிலிருந்து பளுவை எடுத்தல் ஆகிய ஐந்தும் உடல் முழுவதையும் தொட்டுவிடும். எட்டு முதல் பன்னிரண்டு முறை செய்யக்கூடிய பளுவை எடுத்து, இரண்டு மூன்று சுற்றுகள் செய்யுங்கள். பன்னிரண்டு முறை எளிதாகிவிட்டால் சிறிது பளுவைக் கூட்டுங்கள். முதல் சில வாரமாவது முறை அறிந்த ஒருவரின் கண்பார்வையில் கற்றுக்கொள்வது நலம். இதற்கும் நம் பகுதிக்குக் குறைவில்லை. 1920-இல் ஹாரி க்ரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்திலும், தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரிலும் உள்ளன. அங்கு பயின்ற உடற்கல்வி ஆசிரியர் உங்கள் பள்ளியிலேயே இருக்கலாம், அவரைக் கேளுங்கள்.

மார்பு வலி, தலைசுற்றல் ஏற்பட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். திடீரென அளவு மீறிப் பயிற்சி செய்தபின் சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால், சிதைந்த தசைப் பொருள் சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வாங்க வேண்டிய ஒரே கருவி ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். எந்த நாளில் எவ்வளவு பளு, எத்தனை முறை என்று அதில் எழுதி வாருங்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால் வளர்ச்சி எண்களாக நிற்கும். எந்தக் கடைக்காரராவது புதுக் கருவியொன்றை நீட்டினால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இதைப் பயன்படுத்தாத குழுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? அளந்தது வலுவையா, வெறும் சுகத்தையா? இதே பணத்துக்கு முட்டையும் கடலையும் வாங்கினால் எது மேல்?

கடைசியாக, இப்பயிற்சி இளைஞரின் தனிச் சொத்தன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1990-இல் அமெரிக்க முதியோர் இல்லமொன்றில் சராசரி 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைக்குப் பளுப் பயிற்சி அளித்தனர். முடித்தவர்களின் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. கைத்தடி ஊன்றி வந்த இருவர் தடியை விட்டே நடந்தனர். உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, உறுதியான நாற்காலியிலிருந்து கையூன்றாமல் ஐந்து முறை எழுந்து அமரச் சொல்லித் தாருங்கள். அடுத்த வாரம் ஆறு முறை. எண்ணிக்கையை உங்கள் நோட்டிலேயே இன்னொரு பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம்.